பத்து சதவீதமா, பத்துப் புள்ளியா?

32 என்பது 42 ஆகிறது. எவ்வளவு கூடியிருக்கிறது? பத்து என்று சொன்னால் சரி. பத்து சதவீதம் என்று சொன்னால் தப்பு. பள்ளிக் கணக்குதான், ஆனால் பட்ஜெட் உரையிலும் தேர்தல் மேடையிலும் மருந்துச் செய்தியிலும் ஆண்டு தவறாமல் சறுக்குகிற இடம் இது.

எடுத்துக்காட்டு நிஜமானது. ஒய்.வி.ரெட்டி தலைமையிலான பதினான்காவது நிதிக்குழு, மத்திய அரசு திரட்டும் பகிர்வுக்குரிய வரித் தொகுப்பில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்தச் சொன்னது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு அதை ஏற்றது. நேற்று வரை 32 ரூபாய் வாங்கியவருக்கு இன்று 42 ரூபாய் கிடைத்தால், அவருடைய 32-இல் பத்து கூடியிருக்கிறது, அதாவது 31.25 சதவீத உயர்வு. பத்து என்பது இரண்டு சதவீதங்களுக்கு இடையே உள்ள தூரம். அந்தத் தூரத்துக்கு ஆங்கிலத்தில் ‘பர்சன்டேஜ் பாயின்ட்’ என்று தனிப்பெயர் உண்டு. தமிழில் சதவீதப் புள்ளி, விழுக்காட்டுப் புள்ளி என்கிறோம். பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

இதே அறிக்கையில் தமிழ்நாட்டின் கணக்கைப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலங்கும். மாநிலங்களுக்கென்று ஒதுக்கிய தொகையில் தமிழ்நாட்டுக்குப் பதின்மூன்றாவது குழு தந்தது 4.969 சதவீதம், பதினான்காவது குழு தந்தது 4.023. பங்கீட்டுச் சூத்திரத்தில் நிதி ஒழுக்கத்துக்குக் கொடுத்திருந்த 17.5 எடை நீக்கப்பட்டது, காடுகளுக்கு 7.5 எடை வந்தது, 2011 மக்கள்தொகையும் கணக்கில் நுழைந்தது. மூன்றுமே தமிழ்நாட்டுக்கு உதவுகிற மாற்றங்கள் அல்ல. சரிவு ஒரு புள்ளிக்கும் குறைவு, 0.946. சதவீதமாகச் சொன்னால் 19. இப்போது இரண்டையும் பெருக்குவோம். முன்பு 32-இல் 4.969 சதவீதம், அதாவது மொத்தத் தொகுப்பில் 1.59 சதவீதம். பிறகு 42-இல் 4.023 சதவீதம், அதாவது 1.69. ஆக, தமிழ்நாட்டின் பங்கு மொத்தத் தொகுப்பில் 0.1 புள்ளி, ஏறக்குறைய 6 சதவீதம், கூடியிருக்கிறது.

பத்துப் புள்ளி உயர்வு, 31 சதவீத உயர்வு, 19 சதவீத வெட்டு, 6 சதவீத உயர்வு. நான்கும் ஒரே அறிக்கையிலிருந்து பிறந்தவை, நான்கும் கணக்கில் பிசகாதவை. டெல்லியில் பேசுகிறவர் 31-ஐ எடுத்துக்கொள்வார், சென்னையில் பேசுகிறவர் 19-ஐ எடுத்துக்கொள்வார். 6 என்ற எண்ணுக்கு ஆதரவாளர் யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ அது காதில் விழுவதே இல்லை. நியாயமாகப் பார்த்தால் மாநிலத்தின் கஜானாவுக்கு அதுவே மிக அருகில் வருகிறது. அதுவும் முழுக்கதை அல்ல. பங்கு கூடிய கையோடு திட்ட மானியங்கள் சுருங்கின.

இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதில் 42? என்.கே.சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு அதை 41 ஆக்கியது. ஜம்மு காஷ்மீர் மாநிலம் யூனியன் பிரதேசங்களாகிவிட்டதால் ஒரு புள்ளி கழிந்தது. ஆனால் இந்த 41, மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் 41 அல்ல. செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் இரண்டும் பகிர்வுத் தொகுப்புக்குள் வருவதில்லை. வசூல் செலவும் கழிக்கப்படும். 2024-25 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்த வரி வருவாய் 38.40 லட்சம் கோடி ரூபாய், மாநிலங்களுக்குப் போவது 12.47 லட்சம் கோடி. வகுத்தால் 32.5 சதவீதம். 41 என்பவரும் 32.5 என்பவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்ளத் தேவையில்லை. வகுக்கும் எண் வேறு, அவ்வளவுதான். ஆனால் அந்த வகுக்கும் எண்ணைச் சொல்லாமல் விடுவதில் இருவருக்குமே ஆதாயம் இருக்கிறது.

நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது மிகப் பழைய வழக்கம். ரோமில் அகஸ்டஸ் ஏலப் பொருள்களுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி போட்டார். வரியும் வட்டியும் தேடிய வசதி அது: அளவு வெவ்வேறான இரண்டு விஷயங்களை நூறு என்ற ஒரே அடிக்குக் கொண்டுவந்து ஒப்பிடலாம். அடி எது என்பதை மறந்துவிட்டால் அதே வசதி நம்மைக் குழியில் தள்ளும்.

கடைத்தெருவுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஏசிக்கும் சிமென்டுக்கும் 28-லிருந்து 18. தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை, ஷாம்பு 18-லிருந்து 5. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. ‘ஏசிக்குப் பத்து சதவீதம் குறைஞ்சிருக்கணுமே, ஏன் குறையல?’ என்று வாடிக்கையாளர் கேட்க, கடைக்காரர் விழிக்க, வாக்குவாதம் வரும். 38,400 ரூபாய் ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொருளின் விலை 30,000, வரி 8,400. புதிய வரி 5,400, பில் 35,400. மிச்சம் 3,000. வாடிக்கையாளர் கொடுத்துவந்த 38,400-இல் இது 7.8 சதவீதம். கடைக்காரர் ஏமாற்றவில்லை. வரி குறைந்தது பத்துப் புள்ளி. அந்தப் பத்துக்கு அடி வரியில்லாத விலை. வாடிக்கையாளரின் மனக்கணக்குக்கு அடி வரியோடு சேர்ந்த விலை. இதே கணக்கில் 118 ரூபாய் எண்ணெய் 105-க்கு வர வேண்டும்: வரி 13 புள்ளி குறைய, விலை 11 சதவீதம் குறைகிறது. விளம்பரம் எழுதுகிறவருக்கு மூன்றாவது வழியும் உண்டு. ஏசி மீதான வரித்தொகை 8,400-லிருந்து 5,400 ஆகியிருப்பதால் ‘வரி 36 சதவீதம் குறைப்பு’ என்று பலகை வைக்கலாம். ஒருவரும் வழக்குப் போட முடியாது.

வீட்டுக்கடன்காரர்களுக்கு இந்தப் புள்ளி இன்னும் சுடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குக் கொண்டுபோனது. நிதிச் சந்தை இதை 250 பேசிஸ் பாயின்ட் என்றது. ஒரு சதவீதப் புள்ளியை நூறாகக் கூறுபோட்டால் கிடைப்பது ஒரு பேசிஸ் பாயின்ட்; ஆயிரம் கோடி ரூபாய் கடனில் அந்த ஒரு துணுக்கே ஆண்டுக்கு 10 லட்சம். ‘0.25 சதவீதம் கூடியது’ என்றால் இருக்கிற வட்டியில் கால் சதவீதமா, வட்டி விகிதத்தோடு கால் புள்ளியா என்ற சந்தேகம் எழும். ‘25 பேசிஸ் பாயின்ட்’ என்றால் எழாது. குழப்பத்துக்கு விலை அதிகமாக இருக்கிற இடத்தில் தொழில்காரர்கள் தங்களுக்கென்று தெளிவான சொல்லை உண்டாக்கிக்கொண்டார்கள். கடன் வாங்குகிறவருக்கு அந்த வசதி வந்து சேரவில்லை.

20 ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய், வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை 23,259 ரூபாய். இரண்டரைப் புள்ளி ஏறி 9.5 ஆனால் தவணை 27,964. ‘இரண்டரை சதவீதம்தானே’ என்று நினைத்தவரின் தவணை 20 சதவீதம் ஏறியிருக்கிறது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. ஏற்றம் நேராக வந்து விழும். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. அங்கேதான் வினோதம். 30 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 23,750. பழைய தவணை 23,259. அதாவது கட்டுகிற தவணை வட்டிக்கே போதாது. மாதாமாதம் கட்டியும் அசல் வளரும். வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல இது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்றும், காலத்தை நீட்டுவதால் அசல் வளரும் நிலை வரக் கூடாது என்றும் வங்கிகளுக்குச் சொன்னது.

கடன் என்றதும் ஊர்ப்பக்கத்துப் பேச்சைச் சொல்லாமல் போக முடியாது. ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24. அடி நூறு, காலம் மாதம் என்பது கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தெரியும். அந்த வட்டாரத்துக்குள் அது பழுதற்ற சொல்லாட்சி. வங்கி ஆண்டுக்கு 10 என்று சொல்லும்போதுதான் ‘பத்தைவிட ரெண்டு தேவலை’ என்ற மயக்கம் வருகிறது. தண்டலில் மயக்கம் இன்னும் ஆழம். பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு, 8,500-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். பேசும்போது 15 சதவீதம். ஆனால் கையில் வந்தது 8,500; அதுவும் அன்றாடம் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியில் பாதிதான் கடனாக நிற்கிறது; காலமோ நூறு நாள். ஆண்டுக்கணக்காக்கினால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். காய்கறி வண்டிக்காரருக்கு இது தெரியாது என்று நினைப்பது நம் அப்பாவித்தனம். தெரிந்தேதான் வாங்குகிறார், காலையில் சரக்கு எடுக்க வேறு ஆளில்லை.

பங்குச் சந்தையில் ‘புள்ளி’ முற்றிலும் வேறு ஜாதி. 1992 ஏப்ரல் 28 அன்று, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த நாள்களில், சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2020 மார்ச் 23 அன்று கொரோனா பயத்தில் விழுந்தது 3,934 புள்ளி. முதலாவது ஏறக்குறைய 13 சதவீதச் சரிவு. இரண்டாவதும் ஏறக்குறைய 13 சதவீதச் சரிவு. ‘வரலாறு காணாத புள்ளிச் சரிவு’ என்ற தலைப்பு, குறியீட்டு எண் பெரிதாகப் பெரிதாகத் தானே உண்டாகும் சாதனை. ஏற்ற இறக்கங்கள் சமமல்ல என்பதும் சந்தையில்தான் பளிச்சென்று தெரியும். 2020 ஜனவரியில் 42,000-ஐ ஒட்டி இருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. 38 சதவீத இறக்கம். பழைய இடத்துக்கு வர 38 சதவீதம் ஏறினால் போதவில்லை, 61 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டியிருந்தது. இறங்கும்போது அடி 42,000, ஏறும்போது அடி 26,000.

தேர்தலில் 2009-இல் 18.8 சதவீத வாக்கு வாங்கிய பாஜக, 2014-இல் 31.3 வாங்கியது. பன்னிரண்டரைப் புள்ளி உயர்வு, சதவீதத்தில் 66. இடங்கள் 116-லிருந்து 282. அந்த 31 பதிவான வாக்குகளில் 31. வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் அடியாக வைத்தால் ஐந்தில் ஒருவர். 2016 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் வாக்கு வித்தியாசம் ஒரு புள்ளியை ஒட்டியது, இட வித்தியாசம் 134-க்கு 98. இங்கே ‘ஒரு சதவீத வித்தியாசம்’ என்று எழுதினால் பெரிய பிழை இல்லை, வாசகர் சரியாகவே புரிந்துகொள்வார். ஆனால் ஒரு கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்கு ஒரு புள்ளி நகர்ந்தால் இடைவெளி இரண்டு புள்ளி மாறும் என்பதைக் கருத்துக்கணிப்பு விவாதங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

விளைவு உயிரைத் தொடுகிற இடம் மருத்துவம். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. செய்தி 100 சதவீத உயர்வு என்று பரவியது. பயந்து போன பெண்கள் ஏராளமானோர் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இரு மடங்கின் உள்ளே இருந்த எண்: பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவருக்கு, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பீடு. கருத்தரிப்பிலும் கருக்கலைப்பிலும் ரத்தக்கட்டி அபாயம் அந்த மாத்திரையைவிட அதிகம் என்பது கொடுமை. இந்த நிகழ்வைத் தன் எழுத்துகளில் விடாமல் எடுத்துச் சொல்லிவருபவர் ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரன்சர். அவர் கேட்பது ஒன்றுதான்: மடங்கைச் சொல்லாதே, ஆளைச் சொல், எத்தனை பேரில் எத்தனை பேர்?

அப்படியானால் புள்ளிதான் எப்போதும் நேர்மையா? அங்கேயும் எச்சரிக்கை தேவை. 2020-இல் ஃபைசர் தடுப்பூசிப் பரிசோதனையில் ஒவ்வொரு பிரிவிலும் 18,000-க்கும் மேற்பட்டோரைக் கணக்கில் எடுத்தார்கள். போலி ஊசி போட்டவர்களில் 162 பேருக்குக் கொரோனா, உண்மை ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு. 162-இல் 154 தவிர்க்கப்பட்டதால் 95 சதவீதச் செயல்திறன். ‘அப்போ நூறு பேர்ல அஞ்சு பேருக்கு வந்துரும்’ என்று டீக்கடையில் கணக்குப் போட்டவர்கள் உண்டு. எட்டு பேர் என்பது ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. இதைப் புள்ளியில் சொன்னால் அபாயம் 0.88-லிருந்து 0.04-க்கு, 0.84 புள்ளிதான் குறைந்தது. தடுப்பூசியை எதிர்த்தவர்கள் இந்தச் சின்ன எண்ணைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். பரிசோதனைக் காலம் சில மாதங்களே. தொற்று பரவப் பரவ அந்தப் புள்ளி பெருகும், 95 அதனால் மட்டும் மாறாது. இங்கே ஒப்பீட்டுச் சதவீதமே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. எனவே புள்ளியைப் பயன்படுத்துகிறவரெல்லாம் யோக்கியர் என்ற முடிவுக்கும் வர வேண்டாம்.

இட ஒதுக்கீட்டிலும் இந்த அடிப் பிரச்சினை உண்டு, ஆனால் அங்கே சட்டத்தின் வாசகம் காப்பாற்றுகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்றால் 18-இல் மூன்று சதவீதம் அல்ல; மொத்தத்தில் மூன்று, அதாவது அந்த 18-இல் ஆறில் ஒரு பங்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் என்பதோ மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5. நூறு இடங்கள் உள்ள அரசுக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போன பின் மிச்சமுள்ள 85-இல் ஆறு இடம் சொச்சம்.

பர்சன்டைல் வேறு கதை. சதவீதத்துக்குத் தூரத்து உறவு. உங்களுக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அது. மதிப்பெண்ணுக்கு நேரடித் தொடர்பு இல்லை. 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தகுதியை எல்லாப் பிரிவினருக்கும் பர்சன்டைல் பூஜ்யமாக்கியபோது ‘ஜீரோ மார்க் போதும்’ என்று பேச்சு. உண்மையில் அது பூஜ்யத்துக்கும் கீழே. பர்சன்டைல் பூஜ்யம் என்றால் தேர்வெழுதிய கடைசி ஆள். அவருடைய மதிப்பெண் மைனஸ் 40.

இதையெல்லாம் தமிழில் எப்படி எழுதுவது? சதவீதமா, சதவிகிதமா, விழுக்காடா என்ற சண்டைக்கு நம்மிடம் ஆள்பலம் இருக்கிறது. புள்ளி விஷயத்தில் அந்த உற்சாகத்தைக் காணோம். ‘சதவீதப் புள்ளி’ சரியான சொல், நல்ல ஆங்கில நாளிதழ்கள் காக்கிற வேறுபாட்டைக் காக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. காரணம், தமிழ் வாசகரின் காதில் புள்ளி என்றதும் சென்செக்ஸ் விழுகிறது. இரண்டரைப் புள்ளி என்றால் பலருக்கு அது ஒரு பொருட்டாகவே படாது. ‘மூன்று மடங்கு அதிகரித்தது’ என்பதிலும் இதே தொல்லை: நூறு முந்நூறானதா, நானூறானதா? எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும்.

என் யோசனை சாதாரணமானது. இரண்டு முனைகளையும் அச்சில் போடுங்கள். ‘ரெப்போ 4-லிருந்து 6.5 சதவீதம்’, ‘மாநிலப் பங்கு 32-லிருந்து 42’, ‘7,000 பேரில் ஒருவரிலிருந்து இருவர்’. புள்ளியா சதவீதமா என்ற கேள்வியே அங்கே எழாது. வேண்டிய வாசகர் கழித்துக்கொள்வார், வேண்டியவர் வகுத்துக்கொள்வார். ஒரே ஒரு எண்ணோடு வரும் செய்திக்குறிப்பை அனுப்பியவரிடமே தொலைபேசியில் கேட்க வேண்டும்: எதிலிருந்து எதற்கு, எதில்? தொலைக்காட்சியின் ஓடும் வரியில் இடமில்லை என்பார்கள். ‘4-லிருந்து 6.5’ என்பது ‘இரண்டரை சதவீதப் புள்ளிகள் உயர்வு’ என்பதைவிடக் குட்டையானது.